சென்சார் காட்டும் 29.79: இதில் எத்தனை இலக்கம் உண்மை?

ஆர்டுயினோ உனோ போர்டில் எல்எம்35 வெப்பநிலை சென்சாரையும் ஒரு சின்ன எல்சிடி திரையையும் இணைத்து, பத்துப் பதினைந்து வரி நிரலை ஏற்றினால் போதும். திரையில் 29.79 டிகிரி என்று வந்து நிற்கும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருப்பதால், நூறில் ஒரு டிகிரி வரை அளந்துவிட்டோம் என்றே தோன்றும். அதே போர்டைக் கணினியிலிருந்து கழற்றி, வேறொரு சார்ஜரில் நீளமான கேபிள் வழியாக மாட்டினால் 31.74 என்கிறது. அறை மாறவில்லை, சென்சாரும் மாறவில்லை. "சென்சார் போலி", "போர்டு பழுது", "12 பிட் போர்டு வாங்கினால் சரியாகிவிடும்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றுமே காரணமாக இருக்காது.

இந்தப் போர்டின் மையத்தில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்பது செயலி, நினைவகம், உள்ளீடு வெளியீட்டுக்கான இணைப்புக் கால்கள் (பின்கள்) எல்லாம் ஒரே சில்லில் அடங்கிய சின்னக் கணினி. அது வெப்பநிலையை அளப்பதில்லை. கண்டிப்பாகச் சொன்னால் வோல்ட்டைக்கூட அளப்பதில்லை. பின்னுக்கு வரும் மின்னழுத்தம், தன்னிடம் இருக்கும் இன்னொரு மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் பங்கை வோல்ட்டாகவும், வோல்ட்டை டிகிரியாகவும் மாற்றுவது நாம் எழுதும் நிரல். தவறுகளில் பல நுழைவது இந்த மாற்றத்தில்தான்.

## நீண்டுபோன தையல் நாடா

துணியால் ஆன தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல வருடம் இழுத்து இழுத்து அளந்ததில் அது கொஞ்சம் நீண்டுவிட்டது. மில்லிமீட்டர் கோடுகள் எல்லாம் அழியாமல் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நாடாவில் 100 செ.மீ. என்று போட்டிருக்கும் இடம் உண்மையில் 104 செ.மீ. தொலைவில் இருக்கிறது.

இந்த நாடாவால் ஒரு துணியை அளந்து "83.4 செ.மீ." என்று மில்லிமீட்டர் வரை சொல்லலாம். பக்கத்துக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டைப் பிரித்துக் காண முடிகிறது அல்லவா, அந்தத் திறனுக்குப் பெயர் பிரிதிறன். ஆனால் துணியின் உண்மை நீளம் 86.7 செ.மீ. சொன்ன அளவு உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே துல்லியம். கோடுகளை இன்னும் நெருக்கமாகப் போட்டாலும் நாடா சுருங்கிவிடாது. அதாவது பிரிதிறனைக் கூட்டுவதால் துல்லியம் கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கை நடுங்கினால் அதே துணி ஒருமுறை 83.2 என்றும், அடுத்தமுறை 83.6 என்றும் வரும். இதைச் சிதறல் என்று வைத்துக்கொள்வோம்.

பேச்சு வழக்கில் இந்த மூன்றையும் "துல்லியம்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். இங்கே அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

## மின்னழுத்தம் எண்ணாக மாறும் இடம்

எல்எம்35 தரும் மின்னழுத்தம் சாய்தளம் மாதிரி இடைவெளியில்லாமல் ஏறி இறங்கும். இப்படித் தொடர்ச்சியாக மாறும் அளவை அனலாக் என்கிறோம். நிரலுக்குத் தேவைப்படுவதோ முழு எண். சாய்தளத்தைப் படிக்கட்டாக வெட்டி, "நீ நிற்பது இத்தனையாவது படி" என்று சொல்லும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். உனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லுக்குள்ளேயே ஒரு ஏடிசி இருக்கிறது. அது 10 பிட் ஏடிசி, அதாவது விடையைப் பத்து இரும இலக்கங்களில் (0 அல்லது 1) தருவது. பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1024. ஆகவே 0 முதல் 1023 வரை 1024 படிகள்.

படிக்கட்டின் மொத்த உயரம் எவ்வளவு? அதைத் தீர்மானிப்பது ரெஃபரன்ஸ் மின்னழுத்தம். ஏடிசி எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறதோ அந்த மின்னழுத்தம் அது. உனோவில் நாம் எதுவும் மாற்றாவிட்டால், போர்டுக்கு வரும் 5 வோல்ட் சப்ளையே ரெஃபரன்ஸ். அப்படியானால் ஒரு படியின் உயரம் 5 ÷ 1024, அதாவது ஏறத்தாழ 4.88 மில்லிவோல்ட்.

ஒப்பிடுதல் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. தட்டுத் தராசில் எடைபோடும் அதே முறைதான். கையில் பத்து எடைக்கற்கள் இருக்கின்றன: 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பின்னில் 3.2 வோல்ட் வருகிறது என்று கொள்வோம். முதலில் 512-ஐ வைக்கிறது. அது 2.5 வோல்ட்டுக்குச் சமம், 3.2-ஐவிடக் குறைவு, ஆகவே கல் தட்டிலேயே இருக்கட்டும். அதோடு 256 சேர்த்தால் 768, அதாவது 3.75 வோல்ட். அதிகமாகிவிட்டது, எடுத்துவிடு. 128 சேர்த்தால் 640, அதாவது 3.125 வோல்ட், இருக்கட்டும். 64 சேர்த்தால் 3.44, எடுத்துவிடு. 32 சேர்த்தால் 3.28, எடுத்துவிடு. 16 சேர்த்தால் 3.203, மயிரிழையில் அதிகம், எடுத்துவிடு. மிச்சமுள்ள 8, 4, 2, 1 நான்கும் தங்கிவிடுகின்றன. தட்டில் இருப்பதைக் கூட்டினால் 512 + 128 + 8 + 4 + 2 + 1 = 655. அனலாக்ரீட் கட்டளை நமக்குத் தரும் எண் இதுவே. உனோவின் வழக்கமான வேகத்தில் இந்தப் பத்து ஒப்பீடும் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

எடைக்கற்கள் ஒவ்வொன்றும் ரெஃபரன்ஸிலிருந்து பங்கு போட்டு எடுக்கப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். ரெஃபரன்ஸ் குறைந்தால் எல்லாக் கற்களும் ஒரே விகிதத்தில் எடை குறைந்துவிடும். தராசுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த எண்ணை வோல்ட்டாக மாற்றும்போது 1023-ஆல் வகுப்பதா, 1024-ஆல் வகுப்பதா என்று நீண்ட விவாதங்கள் நடக்கும். ஏடிமெகா328பி-க்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட தரவுத்தாள் தரும் சூத்திரத்தில் இருப்பது 1024. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்து வரப்போகும் பிழை அதைப்போல அறுபது மடங்கு வரை பெரியது. கவலைப்படுவதானால் அதைப் பற்றிக் கவலைப்படலாம்.

இதுவரை பார்த்தது: ஏடிசி தருவது ஒரு பங்கு. எண் ÷ 1024 என்பது "ரெஃபரன்ஸில் இத்தனை பங்கு" என்று மட்டுமே பொருள்படும். ரெஃபரன்ஸ் எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் எங்கும் இல்லை.

## ரெஃபரன்ஸ் என்ற நாடா

"5 வோல்ட்" என்று நிரலில் எழுதிவிடுகிறோம். போர்டுக்கு வருவது 5 வோல்ட்தானா? கணினியின் யூஎஸ்பி வாயிலில் 4.75 முதல் 5.25 வரை இருப்பது சாதாரணம். மெல்லிய நீளக் கேபிளிலும் போர்டில் உள்ள பாதுகாப்பு ஃபியூஸிலும் இன்னும் கொஞ்சம் இறங்கும். எல்சிடியின் பின்விளக்கு எரிந்தால், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று இழுத்தால், அப்போதும் இறங்கும்.

எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சென்சார். அறை சரியாக 30 டிகிரி என்றால் அது தருவது 300 மில்லிவோல்ட். சப்ளை உண்மையிலேயே 5.00 வோல்ட் என்றால் ஏடிசி 61 என்று சொல்லும்; நிரல் அதை 29.79 டிகிரி ஆக்கும். சப்ளை 4.70-க்கு இறங்கினால் ஏடிசி 65 என்று சொல்லும். நிரல் இன்னும் 5 வோல்ட் என்றே நம்பிக்கொண்டிருப்பதால் 31.74 என்று அச்சிடும். சப்ளை 5.10 ஆனால் எண் 60, திரையில் 29.30. தொடக்கத்தில் பார்த்த குழப்பம் முழுவதும் இவ்வளவே. சென்சார் மூன்று முறையும் சரியாகத்தான் சொன்னது.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. 61-க்கு அடுத்த எண் 62. நடுவே எதுவும் இல்லை. 62 என்றால் 30.27 டிகிரி. ஆக இந்த அமைப்பால் 29.79-க்கும் 30.27-க்கும் இடையே ஒரு அளவைக் காட்டவே முடியாது. படி ஒன்றுக்கு ஏறத்தாழ அரை டிகிரி. அந்த ".79" அளந்து வந்ததல்ல, வகுத்ததில் வந்த மிச்சம். தசம எண்ணை அச்சிடச் சொன்னால் ஆர்டுயினோ தானாகவே இரண்டு இலக்கம் போடும், அவ்வளவுதான்.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

எளியது: போர்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் என்று கொள்ளும் பொதுப் புள்ளி) இடையே மல்டிமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணை நிரலில் 5.0-க்குப் பதிலாக எழுதுவது. சப்ளையை மாற்றாதவரை இது உதவும்.

அதைவிட நல்லது: சில்லுக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸைப் பயன்படுத்துவது. அனலாக்ரெஃபரன்ஸ் கட்டளையில் இன்டர்னல் என்று கொடுத்தால் போதும். சப்ளை ஆடினாலும் இது அசையாது. படியும் சின்னதாகிவிடும்: 1.1 ÷ 1024, ஏறத்தாழ 1.07 மில்லிவோல்ட், எல்எம்35-க்கு 0.11 டிகிரி. ஒரு செலவும் இல்லாமல் பிரிதிறன் நாலரை மடங்கு கூடுகிறது. இரண்டு எச்சரிக்கை. "1.1" என்பது பெயரளவு, சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறலாம். இன்டர்னல் தேர்ந்தெடுத்து ஒருமுறை வாசித்த பிறகு, ரெஃபரன்ஸுக்கென்று போர்டில் இருக்கும் ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டர் வைத்தால் உங்கள் சில்லின் சரியான எண் கிடைக்கும். அதை நிரலில் எழுதிவிடுங்கள். அடுத்து, ரெஃபரன்ஸை மாற்றியதும் வரும் முதல் சில வாசிப்புகள் தவறாக இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 1.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எண் 1023-இலேயே நின்றுவிடும் என்பதால் எல்எம்35-இல் 110 டிகிரி வரை மட்டும் இது செல்லும்.

மூன்றாவது, வெளியிலிருந்து ரெஃபரன்ஸ் கொடுப்பது. மாறாத மின்னழுத்தம் தரும் எல்எம்4040 வகைப் பாகத்தில் 4.096 வோல்ட் பதிப்பை 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக ஏரெஃப் பின்னுக்கு இணைத்தால், ஒரு படி என்பது 4.000 மில்லிவோல்ட் என்று முழு எண்ணாக அமையும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது: வெளியிலிருந்து ஏரெஃபுக்கு மின்னழுத்தம் கொடுத்திருந்தால், முதல் அனலாக்ரீட்டுக்கு முன்பே எக்ஸ்டர்னல் என்று நிரலில் சொல்லியாக வேண்டும். மறந்தால் உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸும் வெளியே இருப்பதும் ஒன்றோடொன்று மோதி, சில்லு சேதமாகலாம்.

## பங்கே போதும் என்கிற சென்சார்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நல்ல செய்தி. சில சென்சார்களுக்கு ரெஃபரன்ஸ் ஆடினாலும் கவலையே இல்லை.

தெர்மிஸ்டர் என்பது வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சின்ன மணி. பரவலாகக் கிடைப்பது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வகை. சூடேற ஏற மின்தடை குறையும். ஒரு 10 கிலோ ஓம் மின்தடையின் ஒரு முனையை 5 வோல்ட்டிலும், மறுமுனையை ஏ0 என்ற அனலாக் பின்னிலும் இணைத்து, அதே ஏ0-விலிருந்து தெர்மிஸ்டரைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோனால், சப்ளை இரண்டுக்கும் இடையே பங்கு பிரியும். இந்த அமைப்புக்கு வோல்டேஜ் டிவைடர் என்று பெயர். 25 டிகிரியில் இரண்டும் சமம், ஆகவே ஏ0-வில் சரிபாதி. சப்ளை 4.7 ஆனால் 2.35 வோல்ட், 5.1 ஆனால் 2.55 வோல்ட். ஆனால் ஏடிசியின் எடைக்கற்களும் அதே சப்ளையிலிருந்தே வருகின்றன. ஆகவே இரண்டு நிலையிலும் எண் 512.

பிழை தானாகவே அடிபட்டுப் போகிறது. வோல்ட்டைக் கணக்கிடவே தேவையில்லை:

தெர்மிஸ்டரின் மின்தடை = 10000 × எண் ÷ (1024 − எண்)

இதில் 5-ம் இல்லை, 1.1-ம் இல்லை. வால்யூம் திருகி போன்ற பொட்டென்ஷியோமீட்டரும், ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆரும் இதே வகை. ஒரே நிபந்தனை: டிவைடருக்கும் ஏடிசிக்கும் ஒரே மின்னழுத்தம் போக வேண்டும். "3.3 வோல்ட் பின் சுத்தமாக இருக்கும்" என்று டிவைடரை மட்டும் அதற்கு மாற்றிவிட்டு, ரெஃபரன்ஸை 5 வோல்ட்டிலேயே விட்டுவிட்டால் இருந்த நன்மையும் போய்விடும். அதே 3.3-ஐ ஏரெஃபுக்கும் கொடுத்து, எக்ஸ்டர்னல் என்று நிரலில் சொல்லிவிட்டால் மீண்டும் சரியாகும்.

தெர்மிஸ்டருக்கே உரிய ஒரு தொல்லை: அதன் வழியே ஓடும் மின்னோட்டம் அதையே சூடாக்கும். மேலே சொன்ன அமைப்பில் 25 டிகிரியில் தெர்மிஸ்டரில் 0.6 மில்லிவாட் வெப்பம் உண்டாகிறது. அசையாத காற்றில் தொங்கும் சின்ன மணிக்கு இது அரை டிகிரி வரைகூடக் கூட்டிக் காட்டும். டிவைடரின் மேல்முனையை 5 வோல்ட்டுக்குப் பதில் ஒரு டிஜிட்டல் பின்னில் இணைத்து, வாசிக்கும் கணத்தில் மட்டும் அந்தப் பின்னை ஹை ஆக்கினால், அதாவது அதில் மின்னழுத்தம் வரச் செய்தால், தீர்ந்தது.

## எண் ஆடுகிறதா, தள்ளி நிற்கிறதா?

வாசிப்பு சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது பத்துப் பதினாறு முறை வாசித்துச் சராசரி எடுப்பது. சராசரி சிதறலுக்கு மட்டுமே மருந்து. எண் 60, 62, 61, 63 என்று இருபக்கமும் தற்செயலாகத் தாவினால், 16 வாசிப்புகளின் சராசரியில் சிதறல் நான்கில் ஒரு பங்காகும். 64 வாசிப்புகளில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் எல்லா வாசிப்பும் ஒரே பக்கம் நான்கு படி தள்ளி நின்றால், ஆயிரம் முறை வாசித்தாலும் சராசரியும் அதே நான்கு படி தள்ளியே நிற்கும். நீண்டுபோன நாடாவால் நூறு முறை அளந்தாலும் நாடா நீண்டதுதான்.

இப்படித் தள்ளி நிற்கவைப்பதில் மிக மோசமானது, கிரவுண்ட் கம்பியைப் பங்கு போடுவது. செடிக்கு நீர் விடும் சின்னப் பம்பும் எல்எம்35-உம், பாகங்களைச் செருகி இணைக்கும் ஒரே பிரெட்போர்டில் இருக்கின்றன. இரண்டின் கிரவுண்டும் ஒரே ஜம்பர் வயர் வழியாக ஆர்டுயினோவுக்குப் போகிறது. அந்த மெல்லிய வயரும் அதன் இரண்டு முனைத் தொடர்புகளும் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை என்று கொள்வோம். பம்பு நின்றிருக்கும்போது ஒன்றும் தெரியாது. பம்பு ஓடி 0.5 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரில் 0.1 × 0.5 = 50 மில்லிவோல்ட் நிற்கும். அதாவது சென்சார் "தரை" என்று நினைக்கும் இடமே, ஆர்டுயினோவின் தரையிலிருந்து 50 மில்லிவோல்ட் உயர்ந்துவிட்டது. எல்எம்35-க்கு 50 மில்லிவோல்ட் என்றால் 5 டிகிரி. பம்பு ஓடும்போதெல்லாம் அறை ஐந்து டிகிரி சூடாவதாகத் திரை சொல்லும். மோட்டார் சூட்டால்தான் அப்படி என்று நினைத்துச் சென்சாரை நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள், பயனிருக்காது.

பம்பின் கிரவுண்ட் தனிக் கம்பியில் நேராகப் பவர் சப்ளைக்குப் போக வேண்டும். சென்சாரின் கிரவுண்ட் வேறு எதையும் சுமக்காமல் ஆர்டுயினோவின் கிரவுண்ட் பின்னுக்குப் போக வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கத்தான் வேண்டும். ஆனால் பம்பின் மின்னோட்டம் சென்சாரின் கம்பி வழியே போகக்கூடாது. நிரலில் எதை மாற்றினாலும் இந்தப் பிழை போகாது, கம்பியைத்தான் மாற்ற வேண்டும்.

சுருக்கமாக: எண் ஆடினால் சராசரி எடுக்கலாம். எண் தள்ளி நின்றால் ரெஃபரன்ஸையும் கிரவுண்டையும் தேட வேண்டும்.

## சின்னக் குடம், குறுகிய குழாய்

தராசில் வைத்து எடைபோடுவதற்கு முன், ஏடிசி பின்னில் உள்ள மின்னழுத்தத்தை ஒரு மிகச் சின்னக் கெபாசிட்டரில் நிரப்பிக்கொள்கிறது. கெபாசிட்டர் என்பது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம். குடம் என்று கொள்ளலாம். ஏடிமெகா328பி-யில் அந்தக் குடத்தின் அளவு 14 பிகோஃபாரட். நிரப்பக் கிடைக்கும் நேரம் கொஞ்சமே. குழாய் குறுகலாக இருந்தால், அதாவது சென்சார் பக்கத்து மின்தடை அதிகமானால், குடம் நிரம்புமுன் எடைபோட்டுவிடும். சென்சார் பக்க மின்தடை 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும் என்று தரவுத்தாள் சொல்வது இதனால்தான்.

இதோடு இன்னொரு சிக்கல்: ஏ0 முதல் ஏ5 வரை ஆறு பின்கள் இருந்தாலும் உள்ளே ஏடிசி ஒன்று, குடமும் ஒன்று. ஏ0-வில் 4 வோல்ட்டை வாசித்துவிட்டு உடனே ஏ1-ஐ வாசித்தால், குடத்தில் மிஞ்சிய பழைய மின்னூட்டம் ஏ1-இன் எண்ணில் கலக்கும். ஏ0-வில் உள்ள திருகியைத் திருப்பினால் ஏ1-இன் சென்சாரும் சேர்ந்து அசைவது இந்த வகைதான். எதிலும் இணைக்காமல் விட்ட பின் ஏதேதோ எண்களைக் காட்டுவதும் இதனோடு சேர்ந்ததே. நிரப்ப ஆளில்லாத குடத்தில் எது கசிந்ததோ அது.

பேட்டரியின் மின்னழுத்தத்தை அளக்கும் டிவைடரில் இது அடிக்கடி தலைகாட்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு மேலே 30, கீழே 10 கிலோ ஓம் வைத்தால் பின்னில் 3 வோல்ட் வரும். ஏடிசி பார்க்கும் மின்தடை 7.5 கிலோ ஓம், சிக்கலில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த 300, 100 என்று மாற்றினால் அது 75 கிலோ ஓம் ஆகிவிடும். அப்போது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். குடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி கட்டியது போல. குழாய் மெல்ல நிரப்பட்டும், குடம் தொட்டியிலிருந்து ஒரே மூச்சில் நிரம்பிக்கொள்ளும்.

டிவைடர் மின்தடைகள் 5 சதவீத வகையாக இருந்தால், இந்த 30, 10 அமைப்பில் மட்டும் 7.5 சதவீதம் வரை பிழை வரலாம். 1 சதவீத வகையை வாங்குங்கள், அல்லது இரண்டையும் மல்டிமீட்டரில் அளந்து அந்த எண்களையே நிரலில் எழுதுங்கள்.

கெபாசிட்டர் வைத்தியம் எல்எம்35-க்கு அப்படியே பொருந்தாது. அதன் வெளியீட்டில் நேரடியாக 0.1 மைக்ரோஃபாரட் வைத்தால் அது நிலைதடுமாறி அலைபாய ஆரம்பிக்கும். நீளமான கேபிளும் கெபாசிட்டர் போலவே நடந்துகொள்வதால், கேபிளை நீட்டியதும் எண் துள்ளும். சென்சாரின் வெளியீட்டுக் காலுக்கு அருகிலேயே 2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, அதற்கப்புறம் கேபிளையும் கெபாசிட்டரையும் வையுங்கள்.

## பிட் கூடினால் என்ன ஆகும்?

வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டில் இருப்பது 12 பிட் ஏடிசி, 4096 படிகள். உனோவைவிட நான்கு மடங்கு துல்லியம் என்று சொல்லக் கேட்கலாம். கோடுகள் நான்கு மடங்கு நெருக்கம் என்பது மட்டுமே உண்மை. அதன் உள் ரெஃபரன்ஸ் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை மாறக்கூடியது. அளவின் இரண்டு முனைகளிலும் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, அடியில் 0.15 வோல்ட்டுக்குக் கீழும், மேலே ஏறத்தாழ 2.45 வோல்ட்டுக்கு மேலும் வரும் எண்களை நம்ப வேண்டாம். அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் என்ற கட்டளை, தொழிற்சாலையில் அந்தச் சில்லுக்கென்று பதித்த திருத்தத்தைச் சேர்த்து மில்லிவோல்ட்டாகவே தரும்; எண்ணை வாங்கி நாமே 3.3-ஆல் பெருக்குவதைவிட அது எவ்வளவோ மேல். அதில் உள்ள இரண்டு ஏடிசிகளில் ஏடிசி2 தொகுதியைச் சேர்ந்த பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையிலேயே சிறு மின்னழுத்தங்களை அளக்க வேண்டுமானால் ஏடிஎஸ்1115 போன்ற தனி ஏடிசி சில்லு நல்ல தேர்வு. அது 16 பிட் என்பதைவிட, தனக்கென்று உள்ளேயே ரெஃபரன்ஸ் வைத்திருக்கிறது, சப்ளை ஆடினாலும் அதன் அளவு ஆடாது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேகம் குறைவு: நொடிக்கு அதிகபட்சம் 860 வாசிப்பு. வெப்பநிலைக்கும் பேட்டரிக்கும் அது தாராளம்.

வெப்பநிலையை எண்ணாகவே அனுப்பும் டிஎஸ்18பி20 போன்ற டிஜிட்டல் சென்சார்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று நினைப்பதும் தவறு. ஏடிசி சென்சாருக்குள்ளேயே போய்விட்டது, அவ்வளவுதான். கம்பியின் நீளமோ நம் ரெஃபரன்ஸோ அதைப் பாதிக்காது என்பது பெரிய நன்மை. ஆனால் அது 0.0625 டிகிரிப் படிகளில் எண் தருகிறது. தயாரிப்பாளர் உறுதி சொல்லும் துல்லியமோ −10 முதல் 85 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரி. படியைவிட எட்டு மடங்கு பெரிய பிழை இருக்கலாம் என்று தரவுத்தாளே சொல்கிறது. ஒரே தண்ணீரில் இரண்டு டிஎஸ்18பி20-ஐ வைத்தால் 0.4 டிகிரி வித்தியாசம் வருகிறதா? இரண்டும் நல்ல சென்சார்களே.

## அரை மணி நேரச் சோதனை

சென்சாரை மாட்டுவதற்கு முன் உனோவை மட்டும் வைத்து, ரெஃபரன்ஸை மாற்றாமல், ஒரு ஜம்பர் வயரால் ஏ0-வைச் சோதித்துப் பாருங்கள். கிரவுண்டில் செருகினால் 0 அல்லது 1 வர வேண்டும். 5 வோல்ட் பின்னில் 1023. 3.3 வோல்ட் பின்னில் செருகினால், சப்ளை சரியாக 5.00 என்றால் 675-க்குப் பக்கத்தில் வரும். 719-க்குப் பக்கத்தில் வந்தால் சப்ளை 4.70-இல் இருக்கிறது. 3.3 வோல்ட் பின்னுக்குப் போர்டில் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் தனி ரெகுலேட்டர் இருப்பதால் சப்ளை ஆடினாலும் அது பெரிதாக மாறாது, ஆகவே 3.3 × 1024-ஐ வந்த எண்ணால் வகுத்தால், மல்டிமீட்டர் இல்லாமலே உங்கள் சப்ளை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இந்தச் சோதனை தவறினால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது அளவுதிருத்தம்: தெரிந்த அளவோடு ஒப்பிட்டு நம் எண்ணைச் சரிசெய்வது. நீர்புகாத உறை போட்ட தெர்மிஸ்டரோ டிஎஸ்18பி20-யோ இருந்தால் முதல் புள்ளியை வீட்டிலேயே எடுக்கலாம். பனிக்கட்டியை நன்றாகப் பொடித்து ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பனி மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் அங்கே 0 டிகிரி இருக்காது; அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு இன்னும் பனி சேருங்கள். சென்சார் குவளையைத் தொடாமல் நடுவில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் கழித்து எண் அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். எல்எம்35-ஐ இதில் சோதிக்க முடியாது. எதிர் மின்னழுத்தம் இல்லாத ஒற்றைச் சப்ளையில் அது 2 டிகிரிக்குக் கீழே சரியாகக் காட்டாது.

இரண்டாவது புள்ளிக்குக் கொதிநீரை நம்ப வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்கும். வெதுவெதுப்பான நீரில் நம்பகமான வெப்பமானியையும் சென்சாரையும் சேர்த்துக் கட்டி வைத்துக் கலக்கிக்கொண்டே இரண்டையும் ஒரே நேரத்தில் படியுங்கள்.

பனியில் 0.8 என்றும், வெப்பமானி 40.0 காட்டும்போது 41.6 என்றும் வந்தது என்று கொள்வோம். தொடக்கமே 0.8 தள்ளி இருக்கிறது. அதோடு உண்மையில் 40 டிகிரி ஏறியதைச் சென்சார் 40.8 என்று நீட்டிச் சொல்கிறது. ஆகவே:

சரியான அளவு = (வாசிப்பு − 0.8) × 40 ÷ 40.8

இந்த ஒரு வரியை நிரலில் சேர்த்தால் 0 முதல் 40 வரை நம்பலாம். அந்த எல்லைக்கு வெளியே, குறிப்பாகத் தெர்மிஸ்டரில், இது கைகொடுக்காது.

கடைசியாக அச்சிடும் வரி. பிரின்ட் கட்டளையில் எண்ணை அடுத்துக் காற்புள்ளி போட்டு எத்தனை தசம இலக்கம் வேண்டும் என்று கொடுக்கலாம். அளவுதிருத்தம் செய்த டிஎஸ்18பி20 என்றால் 1 கொடுங்கள். 5 வோல்ட் ரெஃபரன்ஸில் வாசிக்கும் எல்எம்35 என்றால் 0 கொடுங்கள். திரையில் 30 என்று வரும்.